சென்னைப் பெண் மும்பைக்கு வேலைக்குப் போகும் நாவல்களில் வருவதெல்லாம் உண்மையில் நடக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. சென்னை போன்ற ஊரிலிருந்து வேலைக்காக மும்பை போகும் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண்ணை நாயகியாக வைத்த இலகுவான ஆங்கில நாவல்கள் சிலவற்றை வாசித்திருக்கிறீர்கள். இப்போது உங்களுக்கே பாந்த்ரா குர்லா வளாகத்தில் வங்கி வேலை கிடைத்திருக்கிறது. அந்த நாவல்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்கிறீர்கள். சென்னையில் தணிக்கை வேலை பார்த்துவிட்டு அதே வழியில் மும்பைக்குப் போனவள் நான். அந்த வகை நாவல்களைப் புறநகர் ரயிலிலேயே வாசித்துத் தீர்த்தவள். மனிதர்களை அவை நன்றாகவே பிடித்திருக்கின்றன. வீடு, பணம், வேலை ஆகிய மூன்றையும் ஏறக்குறைய முழுதாகவே கோட்டை விட்டிருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1991-க்குப் பிறகு தனியார் வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் பெருகி, பட்டம் பெற்ற பெண்கள் வெளியூர் வேலைக்குத் தனியாகக் கிளம்பத் தொடங்கிய பின்தான் இந்திய ஆங்கிலத்தில் இந்த வகை எழுத்து 2000-களில் பரவியது. எழுதியவர்களில் பலர் அந்த அலுவலகங்களுக்குள் இருந்து வந்தவர்கள் என்பது வாசிக்கும்போதே தெரியும். அம்மாவின் தொலைபேசி அழைப்புகள் அப்படியே இருக்கின்றன: சாப்பாட்டில் தொடங்கி, தூரத்து உறவில் யாருக்கோ நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் போய், ஒரு ஜாதகத்தில் வந்து நிற்கும் அந்த வரிசையை யாரும் மிகைப்படுத்தவில்லை. மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய சங்கடமும் உண்மையானதே. கூப்பிடவே தேவையில்லாதபடி அவர் மேசைக்கு எதிரே போய் நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து பேசுகிற உத்தியை நான் பல வாரங்கள் கடைப்பிடித்தேன். இந்தி விஷயத்திலும் நாவல்கள் சொல்வது சரிதான். இந்திப் பிரச்சார சபையில் பிரவேசிகா தேர்வு வரை தேறிய சான்றிதழ் கையில் இருக்கும். ஆனால் அந்தப் பாடப்புத்தக இந்தியில் மரியாதையாகக் கொத்தமல்லி விலை கேட்டால் காய்கறிக்காரர் சிரித்துவிடுவார்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். முதல் அத்தியாயத்தில் வேலை கிடைக்கிறது, மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி பாந்த்ராவில் அழகான அறைத்தோழி ஒருத்தியோடு குடியேறிவிடுகிறாள். இடையில் என்ன நடந்தது என்பது ஒரே வரியில் முடிந்துவிடும். உண்மையில் ஒரு முழு நாவலுக்குத் தேவையான நகைச்சுவை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. தரகர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே உங்கள் குடும்பப் பெயர், கல்யாண நிலவரம், அசைவம் சாப்பிடுவீர்களா, இரவு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். வீட்டுக்காரர் சம்மதித்தாலும் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் சம்மதிக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் என்றால் அவர் முகத்தில் ஓர் அப்பா வந்து உட்கார்ந்துகொள்வார். ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கு, 'லீவ் அண்டு லைசென்ஸ்', அதாவது குடியிருக்க அனுமதி மட்டும், என்ற பெயரில் இருக்கும். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அதை எழுத்தில் போட்டுப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. "பழகிய இடம், பதிவெல்லாம் எதற்கு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். முன்பணமாகச் சில மாத வாடகை, தரகாக ஒரு மாத வாடகை என்பது பொதுவான வழக்கம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் தரகு கேட்கும் தரகர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் புதிதாக வரும் பெண்களில் பலர் முதலில் பேயிங் கெஸ்ட்டாகத் தங்குகிறார்கள். நான் தங்கியது, தமிழர்கள் நிறைய வாழும் மாதுங்காவில் ஒரு மாமியின் வீட்டில். ஒரு கட்டில், அலமாரியில் பாதி, குளிர்ப்பெட்டியின் இரண்டாவது தட்டில் இடது பக்கம் ஆகியவை எனக்கு ஒதுக்கப்பட்டவை. என் தயிர்க் கிண்ணத்தின் மூடியில் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். துணி துவைக்கும் இயந்திரம் புதனும் ஞாயிறும் மட்டும், அடுப்பு தேநீர் போட மட்டும். மாதுங்காவை நாவலாசிரியர்கள் கேலிக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். வாழையிலையும் மல்லிகைப்பூவும் விற்கும் கடைவீதி, 1942-இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி உணவகம், பஜனைச் சத்தம் என்று நாயகி எந்த ஊரிலிருந்து தப்பித்து வந்தாளோ அந்த ஊரே அங்கே கால்நீட்டி உட்கார்ந்திருப்பது அவளுக்கு எரிச்சலைத் தருகிறது. அந்த எரிச்சல் எனக்கும் இருந்தது, காய்ச்சலில் படுத்த அன்று மாமி மிளகு ரசம் கொண்டுவந்து வைக்கும்வரை. 2017-இல் மாதுங்கா ரயில் நிலையத்தை முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தத் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதல் புறநகர் ரயில் நிலையமாக. இப்படிப்பட்ட இடத்தைச் சாம்பார் வாசனையோடு நிறுத்திக்கொள்வது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாவல் நாயகிகள் டாக்சியில் போகிறார்கள், நீங்கள் ரயிலில் போவீர்கள். மேற்குத் தடத்தில் 1992-லேயே பெண்களுக்கென்று தனி வண்டி விட்டார்கள். எல்லா வண்டிகளிலும் பெண்கள் பெட்டிகளும் உண்டு. அந்தப் பெட்டிக்குள் எழுதப்படாத சட்டம் ஒன்று நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் உட்கார்ந்திருப்பவர்களிடம் எங்கே இறங்குவீர்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ஒருத்தி தாதர் என்றால் அந்த இருக்கை உங்களுடையது; ஆனால் உங்களுக்கு முன்பே வேறொருத்தி கேட்டு வைத்திருந்தால், அவள் எழுந்த பிறகு உங்களுக்கு என்று சங்கிலி நீளும். மூன்று பேர் உட்காரும் பலகையின் ஓரத்தில் நான்காவதாகத் தொற்றிக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. மறுப்பவளைப் பெட்டியே சேர்ந்து கண்டிக்கும். தொலைவிலிருக்கும் விரார் போகும் விரைவு வண்டியில் மாலை நேரத்தில் ஏறிவிட்டு, வழியிலுள்ள அந்தேரியில் இறங்க முயல்வது மட்டும் வேண்டாம். தொலைவில் குடியிருப்பவர்கள் அதைத் தங்கள் வண்டியாகவே கருதுகிறார்கள். அரை நிமிடம்கூட நிற்காத இடத்தில் வாசலை மறித்து நிற்கும் அவர்களைத் தாண்டி இறங்க உங்களால் முடியாது. திரும்பும் வழியில் மடியில் செய்தித்தாளை விரித்துப் பட்டாணி உரித்து முடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். இரவுச் சமையல் அங்கேயே பாதி முடிந்துவிடும்.

பணத்தைப் பற்றி நாவல்கள் வாயே திறப்பதில்லை. நாயகியின் சம்பளம் கடைசி வரை தெரியாது, ஆனால் காலணிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். உங்கள் நியமனக் கடிதத்தில் இருக்கும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வீடு தேடாதீர்கள். அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டு சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் போவதோடு, நிறுவனம் செலுத்தும் பங்கையும் பெரும்பாலும் அதே தொகைக்குள் சேர்த்துக் காட்டியிருப்பார்கள். ஆண்டு முடிவில் தருவதாகச் சொல்லும் ஊக்கத்தொகையும் அதற்குள்ளேயே இருக்கும். மகாராஷ்டிரத்தில் தொழில் வரி மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300, ஆக ஆண்டுக்கு 2,500. மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு 2023 முதல் விலக்கு உண்டு, வங்கிச் சம்பளத்துக்கு அது அநேகமாகப் பொருந்தாது. இவையெல்லாம் போக, முன்பணத்தை முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு உண்மையான கோபம் வருவது வேலையைப் பற்றிய இடத்தில்தான். ஊரை விட்டு, அம்மா அப்பாவோடு சண்டை போட்டு, ஒரு வேலைக்காக வந்தவள் காலை பத்து மணி முதல் மாலை வரை என்ன செய்கிறாள் என்பது முந்நூறு பக்கத்திலும் தெரியாது. அவள் ஏதோ விளக்கக்காட்சி தயாரிக்கிறாள், அதை யாரோ பாராட்டுகிறார்கள், அவ்வளவுதான். காலாண்டுக் கணக்கு முடிக்கும் இரவுகளில், எட்டு மணிக்குக் கட்டடத்தின் குளிர்சாதனம் நின்ற பிறகு, புழுக்கத்தில் துப்பட்டாவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இரண்டு பட்டியல்களுக்கு இடையே இடிக்கும் ஒரு சிறு தொகையைப் பத்து மணி வரை தேடும் பெண்களை நான் அறிவேன். அது கிடைக்கும்போது எழும் கூச்சலை எந்தக் காதல் காட்சியும் எட்டாது.

வேலை இல்லாத அந்தக் காலியிடத்தில்தான் மேலதிகாரியோடு காதல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பழைய நாவல்களில் மேலதிகாரி அவள் உடையைப் பற்றிச் சொல்வது சிரிப்பாகவும், இரவு விருந்துக்கு அழைப்பது காதலின் தொடக்கமாகவும் வருகிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான விசாகா வழக்கின் தீர்ப்பு 1997-இலேயே வந்துவிட்டது; அதே நோக்கத்துக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மூத்த பெண் ஊழியர் ஒருவரைத் தலைவராகக் கொண்ட உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். புகாரைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை நாவலாசிரியர்கள் காதலுக்காக வைத்திருக்கிறார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததையும், அலுவலகங்களிலேயே மக்கள் இரவைக் கழித்ததையும் பழைய ஊழியர்கள் இன்றும் சொல்வார்கள். மேசை இழுப்பறையில் ஒரு மாற்று உடையும் ரப்பர் செருப்பும் இருக்கட்டும்.

உங்கள் அலுவலகம் இருக்கும் வளாகத்துக்கு மேற்குத் தடத்தில் பாந்த்ராவிலும் மத்தியத் தடத்தில் குர்லாவிலும் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ பகிர்வு ஆட்டோவிலோ போகலாம். 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து அந்த வளாகம் வரை சுரங்க மெட்ரோவும் வந்துவிட்டதால் அந்தேரி கிழக்கு, மரோல் பக்கமும் தேடலாம். முதல் இரண்டு மாதம் பேயிங் கெஸ்ட்டாக இருந்து, இந்த வழிகளில் எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு வீடு எடுங்கள். ஒப்பந்தத்தில் 'லாக்-இன்' காலம் எத்தனை மாதம் என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள். அதற்கு முன் காலி செய்தால் மீதி மாதங்களின் வாடகையை முன்பணத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.