பிளேஓஃபில் முதலிடம் பிடிப்பது உண்மையிலேயே முக்கியமா?

கேள்வி இதுதான்: ஒரு கூடைப்பந்தாட்ட அணி பிளேஓஃபுக்குள் (பருவ ஆட்டங்கள் முடிந்தபின் கிண்ணத்துக்காக நடக்கும் வெளியேற்றத் தொடர்கள்) முதலாம் இடத்தோடு போவதால் ஏதும் பயன் இருக்கிறதா, இல்லை அது வெறும் பெருமைக்கான இலக்கமா?

பயன் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் நினைக்கிற அளவுக்கு இல்லை, நினைக்கிற இடத்திலும் இல்லை. அதற்காக ஒரு வீரனின் காலைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டால் என் பதில் கூடாது என்பதுதான்.

நான் திருகோணமலையில் பாடசாலைப் பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டம் இங்கே மறுநாள் காலை ஐந்தரைக்கு வரும். அதனால் சித்திரை, வைகாசி மாதங்களில் பின்னேரப் பயிற்சிக்கு வரும்போதே எல்லோருக்கும் முடிவு தெரிந்திருக்கும், வாக்குவாதமும் தொடங்கியிருக்கும். இலங்கையின் கிழக்கில் இந்த விளையாட்டு இப்படி ஊன்றியதற்கு நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த யேசு சபைத் துறவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களில் அருட்தந்தை யூஜின் ஹீபர்ட் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பயிற்றுவித்தவர். 1990 ஆகஸ்டில் காணாமல் போனார். கூடைப்பந்து பற்றி இந்த ஊரிலிருந்து எழுதும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். என்.பி.ஏ.யில் 30 அணிகள், கிழக்கு மேற்கு என இரண்டு பிரிவுகள். 82 ஆட்டங்கள் முடிந்ததும் ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு அணிகள் நேரே உள்ளே போகும். 7 முதல் 10 வரையான இடங்களில் இருப்பவை பிளே-இன் என்ற தகுதிச் சுற்று ஆடித்தான் மிச்ச இரண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். முதலிடம் பெற்ற அணிக்கு எட்டாமிடத்து அணி எதிராளி. அதைத் தாண்டினால் 4-5 மோதலில் வென்ற அணி. இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகள் மறுபக்கத்தில் இருப்பதால் பிரிவின் இறுதிவரை அவற்றின் முகத்தில் விழிக்கத் தேவையில்லை. அத்தோடு ஏழு ஆட்டத் தொடரில் (நான்கு வெற்றியை முதலில் எடுக்கும் அணிக்கே தொடர்) முதல் இரண்டும், ஐந்தாவதும், ஏழாவதும் சொந்தத் திடலில். முதலிடம் கையில் தருவது இவ்வளவுதான்: இலகுவான பாதையும் ஏழாவது ஆட்டமும்.

இதன் பெறுமதி என்ன? 1984 முதல் 2025 வரை முதல் சுற்றில் 1-8 தொடர்கள் 84 நடந்திருக்கின்றன. எட்டாமிடத்து அணி வென்றது ஆறு தடவை மட்டும்: 1994, 1999, 2007, 2011, 2012, 2023. 2013 முதல் 2025 வரையான 13 சம்பியன்களில் 9 அணிகள் தத்தம் பிரிவில் முதலிடம் பெற்றவை. மிச்ச நான்கும் இரண்டாமிடமோ மூன்றாமிடமோதான்.

இதைப் பார்த்துவிட்டு 'அப்போ முதலிடம்தான் எல்லாம்' என்று சொல்வது எளிது. எங்கள் பெடியளும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நல்ல அணி என்பதால்தானே அது முதலிடத்துக்கே வந்தது? இடம் வெற்றியைத் தந்ததா, இரண்டையும் அணியின் பலமே தந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2020 இல் அதற்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கொரோனா காரணமாக எல்லா பிளேஓஃப் ஆட்டங்களும் ஒர்லாண்டோவில் ஒரே வளாகத்தில், பார்வையாளர் இல்லாமல் நடந்தன. சொந்தத் திடல் என்பதே இல்லை. மேற்கில் முதலிடம் பெற்ற லேக்கர்ஸ் அப்போதும் சம்பியனானது. கிழக்கில் முதலிடம் பெற்ற மில்வோக்கி பக்ஸோ ஐந்தாமிடத்து மியாமியிடம் 4-1 என்று விழுந்தது. ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் பலமான அணிக்கு ஊர் தேவைப்படவில்லை, முதலிடம் மட்டும் ஒருவரையும் காப்பாற்றவில்லை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

சொந்தத் திடல் என்றால் என்ன என்பதை எங்கள் திடலில் வந்து பார்க்க வேண்டும். திறந்தவெளி, சீமெந்துத் தரை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு பக்க வளையத்துக்கு எறியும் பந்து குறுகி விழும். மறுபக்கம் எறிந்தால் மிஞ்சிப் போகும். எங்கள் பெடியள் அந்த நாட்களில் தூரத்திலிருந்து எறிவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று வளையத்தின் பின்பலகையில் பட்டு விழும்படி எறிவார்கள். மூலையில் தரை வெடித்த இடத்தில் யாரும் பந்தைத் தட்ட மாட்டார்கள். வெளியிலிருந்து வரும் அணிக்கு இதெல்லாம் பிடிபட இரண்டாம் கால்பகுதி ஆகிவிடும், அதற்குள் பத்துப் புள்ளி போயிருக்கும். இது உண்மையான அனுகூலம்.

என்.பி.ஏ.யில் அப்படி இல்லை. எல்லா இடத்திலும் அதே 94 அடி நீளம், அதே மரத்தரை, காற்றும் இல்லை. அங்கே வித்தியாசம் பயணம், தூக்கம், கூட்டத்தின் சத்தம் ஆகியவற்றில்தான். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வர் மட்டும் விதிவிலக்கு, அங்கே மூச்சே வேறு. 1980களில் அணிகள் சாதாரணப் பயணிகள் விமானத்தில், விடியற்காலையில் எழும்பிப் போய்க்கொண்டிருந்தன; 1987 இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்தான் முதலில் சொந்த விமானம் வாங்கியது. அந்தக் காலத்தில் சொந்த ஊரில் ஆடும் அணி மூன்றில் இரண்டுக்கு அருகில் வென்றது. அண்மைய பருவங்களில் அது 55 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்படியென்றால் முதலிடத்தின் விலையும் பழைய விலை இல்லை.

ஏழாவது ஆட்டம் மட்டும் வேறு கதை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2025 இல் ஒக்லஹோமா சிட்டி தண்டர் 68 வெற்றிகளோடு முதலிடம் பெற்றது. இரண்டாம் சுற்றில் டென்வரோடு ஏழாவது ஆட்டம், இறுதியில் இந்தியானாவோடு ஏழாவது ஆட்டம். இரண்டும் சொந்த ஊரில், இரண்டிலும் வென்று சம்பியனானது. பருவத்தில் சம்பாதித்த வெற்றிகள் அங்கே நேரடியாக உதவின.

ஆனால் சொந்த ஊரில் ஏழாவது ஆட்டத்தைத் தோற்றவர்களையும் பாருங்கள். 2018 இல் 65 வெற்றி பெற்ற ஹூஸ்டன் ரொக்கெட்ஸ், தொடரில் முன்னால் நின்றபோது முன்னணி வீரர் கிறிஸ் போலைத் தொடைத் தசைக் காயத்துக்கு இழந்தது. ஏழாவது ஆட்டத்தில் தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி எறிகளைத் தவறவிட்டது. கூட்டம் அவர்களுடைய கூட்டம், வளையம் அவர்கள் தினமும் எறிகிற வளையம். பந்து உள்ளே போகவில்லை. 2022 இல் 64 வெற்றி பெற்ற பீனிக்ஸ் சன்ஸ் அதைவிட மோசம். டலாஸிடம் இடைவேளையின்போது 57-27. டலாஸின் லூக்கா டொன்சிச் தனியாக எடுத்த புள்ளிகளும் 27, முழு பீனிக்ஸ் அணியும் எடுத்தது 27. அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சொந்தக் கூட்டமே ஒரு அணிக்குப் பாரமாகிவிடும் என்பது எனக்கு விளங்கியது. பதினேழாயிரம் பேர் மௌனமாக இருப்பது தாங்க முடியாத ஒன்று.

இன்னொன்று. ஒரு அணியின் இடம் ஆறு மாதக் கணக்கு. இன்றைய அணியின் நிலைமை அதில் தெரியாது. 1995 இல் ஹூஸ்டன் 47 வெற்றிகளோடு ஆறாமிடம்தான். ஒரு தொடரிலும் சொந்தத் திடல் அனுகூலம் இல்லை. ஆனால் பருவத்தின் நடுவில் கிளைட் ட்ரெக்ஸ்லரைக் கொண்டுவந்து ஹகீம் ஒலாஜுவனோடு சேர்த்த அணி அது. பழைய ஆட்டங்களின் கணக்கில் புது அணியின் பலம் எப்படித் தெரியும்? இறுதியில் ஒர்லாண்டோவை 4-0 என்று வென்று கிண்ணம் எடுத்தார்கள். ஆறாமிடத்திலிருந்து சம்பியனான அணி இன்றுவரை அது ஒன்றுதான்.

நான் பெரிதாக நினைப்பது உடல்நலத்தை. 2012 இல் முதலிடத்துச் சிக்காகோ புல்ஸ் எட்டாமிடத்து பிலடெல்பியாவை முதல் ஆட்டத்தில் வென்றுகொண்டிருந்தது. ஆட்டம் கைக்கு வந்துவிட்ட கடைசி இரண்டு நிமிடத்துக்குள் புல்ஸின் முன்னணி வீரர் டெரிக் ரோஸின் முழங்கால் போனது. தொடரும் போனது. 2023 இல் முதலிடத்து பக்ஸின் நட்சத்திர வீரர் யானிஸ் முதல் ஆட்டத்தில் முதுகில் அடிபட்டு இரண்டு ஆட்டங்கள் ஆடவில்லை. பிளே-இன் வழியாக வந்த மியாமி 4-1 என்று வென்று இறுதிப்போட்டி வரை போனது. எட்டாமிடத்து அணிகள் தந்த அந்த ஆறு பேரதிர்ச்சிகளில் இரண்டுக்குப் பின்னால் இப்படிக் காயம் இருக்கிறது.

ஆகவே நான் பயிற்றுநராக இருந்தால், பருவத்தின் கடைசி இரண்டு வாரத்தில் முதலிடமா இரண்டாமிடமா என்ற போட்டிக்காகக் கணுக்கால் வீங்கிய ஒருவனை இறக்க மாட்டேன். ஆறாமிடமா ஏழாமிடமா என்றால் யோசிப்பேன், ஏனென்றால் அங்கே ஒரு இடம் சறுக்கினால் பிளே-இன், அதில் இரண்டு முறை தோற்றால் வீடு. முதலுக்கும் இரண்டுக்கும் இடையில் அப்படிப் பள்ளம் எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கு இந்தக் கணக்கு மாறும். அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில், ஒரே திடலில் நடக்கும். அங்கே முதலிடத்துக்குத் தரக்கூடிய ஒரே பெறுமதியான பரிசு ஓய்வு. எந்த அரையிறுதி முதலில் என்பதைப் பல இடங்களில் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஒழுங்கமைப்பாளர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள்: லீக் சுற்றில் அதிக வெற்றி பெற்ற அணியிடமே அந்தத் தெரிவைக் கொடுங்கள். முதல் அரையிறுதி ஆடும் அணிக்கு வெயில் ஏறுமுன் ஆட்டம் முடியும், இறுதிக்கு முன் இரண்டு மணி நேரமாவது நிழலில் இருந்து தண்ணீர் குடித்துக் கால் நீட்ட முடியும். லீக் சுற்றில் அந்தப் பெடியள் ஓடிய ஓட்டத்துக்கு அதையாவது கொடுக்கலாம்.