பழைய பாறை மைக்ராஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: மகள் எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறாள். வீட்டில் பழகுவதற்கு, லண்டன் ஸ்விஃப்ட் கம்பெனியின் பழைய மாணவர் மைக்ராஸ்கோப் ஒன்றை 22,000 ரூபாய்க்குத் தருவதாகத் தரகர் சொல்கிறார். நம்பலாமா? - வாசகி, சேலம்.

பதில்: கருவியை நம்பலாம், தரகரை அல்ல. முன்பணம் கொடுக்காதீர்கள். மகளையும், சார்னோகைட் என்ற பாறையை மெல்லிய சீவலாக்கி ஒட்டிய ஒரு ஸ்லைடையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள்.

ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே போலரைசர், மேலே குழாயில் அனலைசர் இருக்கும். இரண்டும் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் வடிகட்டிகள். ஸ்லைடு வைக்காமல் இரண்டையும் குறுக்காக நிறுத்தினால் பார்வை வட்டம் கும்மிருட்டாக வேண்டும். சாம்பல் பூத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து, அனலைசரை வெளியே இழுத்துவிட்டுச் சார்னோகைட்டை வைத்து மேடையைச் சுழற்றுங்கள். அதிலுள்ள ஹைபர்ஸ்தீன் என்ற கனிமப் படிகம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும். லென்ஸுக்குள் சிலந்தி நூல்போல் பூஞ்சை தெரிந்தால் வேண்டாம்.

தாவரவியல் வகுப்பு மைக்ராஸ்கோப்பில் போலரைசர், அனலைசருக்குப் பதிலாக இரண்டு போலராய்டுத் தாள் துண்டுகளை ஒட்டி, ‘ஜியாலஜி மாடல்’ என்று தலையில் கட்டுகிறார்கள். அதில் மேடை சுற்றாது, பாகைக் கோடுகளும் இருக்காது. பித்தளை பளபளத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பழைய அரக்குப் பூச்சையே உரித்துத் தேய்த்தவன் லென்ஸை மட்டும் விட்டிருப்பானா?

மேடை சுற்றாதது எல்லாம் போலி என்றேன். உங்களுக்கு வருவது ஸ்விஃப்ட் என்பதால் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். ஆலன் டிக் என்பவர் 1889-இல் விவரித்த முறையில் அந்தக் கம்பெனி செய்த மாடலில் மேடை அசையாது. கீழும் மேலும் போலரைசர், அனலைசராக உள்ள நிக்கோல் பட்டகங்கள் பற்சக்கரத்தால் ஒன்றாகச் சுழலும். கல் நிற்கும், அவை சுற்றும். இருட்டாக்கிவிட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் எட்டிப்பார்த்தால் பல் வழுக்குகிறது என்று பொருள். அந்தப் பட்டகம் கால்சைட் என்ற கனிமத்தை வெட்டிக் கனடா பால்சம் பிசினால் ஒட்டியது. துடைக்கிறேன் என்று தரகர் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியே கருவியைக் கையில் கொடுத்தால் இந்த அலைச்சலே தேவையில்லை. ஆனால் அங்கே இவை அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. மாணவர் கை பட்டால் உடைந்துவிடுமாம், இருப்புப் பதிவேடு கெட்டுவிடுமாம். பூஞ்சை பிடித்ததும் எடைக்குப் போடுவார்கள். நான் பாடம் நடத்திய துறையில் ஒரே ஒரு திருகு வாங்க அனுமதி கேட்டு எழுதினேன். கோப்பு கையெழுத்தாகித் திரும்பியபோது கருவி ஏலத்தில் போய்விட்டிருந்தது.