கையேட்டில் 100 கிலோ தழைச்சத்து என்றால் யூரியா எவ்வளவு?

ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்பது 100 கிலோ யூரியா இல்லை, சுமார் 217 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், 100-ஐ 0.46-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏக்கர் கணக்கு வேண்டுமென்றால் 2.47-ஆல் இன்னொரு முறை வகுத்தால் 88 கிலோ.

வேளாண் கல்லூரியின் இலவசக் கையேட்டைப் பார்த்துத்தான் உரம் போட்டேன், மக்காச்சோளம் ஏன் வெளுக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். 100 கிலோ என்பதை யூரியாவின் எடையாக எடுத்துப் போட்டிருந்தால், தழைச்சத்து பாதிக்கும் குறைவாகப் போயிருப்பதுதான் காரணமாக இருக்கும். இந்தக் கையேடுகள் சத்தின் அளவைத்தான் சொல்கின்றன, மூட்டையின் எடையை அல்ல. அதை முதல் பக்கத்திலேயே பெரிதாக அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனாலும் வயலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடி இலைகள் நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி மஞ்சளாகியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்து இலைகள் முதலில் வெளுத்திருந்தால் கந்தகம், இரும்பு போன்ற வேறு சத்துக் குறைவாக இருக்கலாம். யூரியா அதைத் தீர்க்காது.

அப்புறம், அடியுரமாக டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) போட்டிருந்தால் அதில் 18 சதவீதம் தழைச்சத்து உண்டு, அதைத் தேவையான தழைச்சத்தின் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மீதியை ஒரே நாளில் கொட்டாமல், ஈரம் இருக்கும்போது பிரித்துப் போடுங்கள். கதிர் முற்றிய பயிருக்கு இனிப் போட்டுப் பயனில்லை.