கொலுசை மேசையிலிருந்து கேட்லாக் பக்கத்துக்கு எடுப்பது எப்படி?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். 180 டிசைன் வரை கைவசம் உண்டு. வெளியூர்க் கடைக்காரர்கள் கேட்லாக் கேட்கிறார்கள். ஃபோனில் எடுத்தால் மேசை, டீ கிளாஸ், பக்கத்தில் இருப்பவர் கை எல்லாம் சேர்ந்து விழுகிறது. ஃபோனைப் பொருளுக்கு நேரே காட்டி, பிறகு லேப்டாப் திரைக்கு நேரே பிடித்தால் அந்தப் பொருள் மட்டும் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது போல ஒரு வீடியோவை மகள் காட்டினாள். அது உண்மையா? எங்கள் வேலைக்கு ஆகுமா?

பதில்: உண்மைதான். சிரில் டியாஞ் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 2020 மே மாதம் இதைச் செய்து காட்டினார். உங்கள் மகள் பார்த்தது அதுவாகவோ, அதைப் பார்த்து வேறொருவர் செய்ததாகவோ இருக்கும். நிரலையும் அவர் எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட்டார்.

அதற்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது வெட்டுவது. படத்தில் கண்ணை இழுக்கும் பொருள் எது, பின்னணி எது என்று பிரிக்கப் பழக்கிய ஒரு மாடல், அதாவது செயற்கை நுண்ணறிவு நிரல், அதைச் செய்கிறது. இரண்டாவது ஒட்டுவது. கேமராவில் தெரியும் லேப்டாப் திரையையும் அந்தத் திரையின் ஸ்கிரீன்ஷாட்டையும் புள்ளிக்குப் புள்ளி பொருத்திப் பார்த்து, ஃபோன் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கண்டுபிடிக்கிறது. கேமரா காட்டும் நிஜக் காட்சியோடு கணினிப் படத்தை இணைப்பதை ஆக்மென்டட் ரியாலிட்டி என்பார்கள், அது இந்த இரண்டாவது பாதிதான். அப்போது வெட்ட இரண்டரை நொடி, ஒட்ட நான்கு நொடி பிடித்தது.

உங்களுக்கு அந்த இரண்டாவது பாதி தேவையே இல்லை. 180 கொலுசையும் ஒவ்வொன்றாகத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பதைவிட, வெட்டிய படங்களை மொத்தமாக லேப்டாப்புக்கு அனுப்பி வேர்டில் அடுக்குவது வேகமானது. வெட்டுகிற பாதி ஒருவேளை இப்போதே உங்கள் ஃபோனில் இருக்கும். 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி ஐஃபோன்களில், அதை இயக்கும் மென்பொருள் ஐஓஎஸ் 16 அல்லது அதற்குப் பிந்தியதாக இருந்தால், படத்தில் கொலுசின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஓரம் மின்னி, கொலுசு மட்டும் தனியாக வரும். காப்பி செய்து ஒட்டலாம். புதிய சாம்சங் ஃபோன்களின் கேலரியிலும் இதே வசதி உண்டு. இரண்டும் இல்லையென்றால் வேர்டிலேயே பின்னணியை நீக்கும் பொத்தான் இருக்கிறது.

ஆனால் வெள்ளி, அதிலும் கொலுசு, இந்த வேலைக்கு மிகவும் கடினமான பொருள். ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பின்னணி நீக்கும் இலவசக் கருவிகள் பலவற்றில் யூ ஸ்கொயர் நெட் என்ற மாடல் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு பெரிய படம் கொடுத்தாலும் அது 320-க்கு 320 புள்ளிகளாகச் சுருக்கித்தான் பார்க்கும். பத்து அங்குலக் கொலுசை நேராக நீட்டி வைத்து எடுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையே உள்ள ஓட்டை அதற்கு எப்படித் தெரியும்? ஓட்டை அடைபட்டு, கொலுசு தகடு வெட்டிய மாதிரி வரும். சலங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஃபோனில் உள்ள மாடல்கள் வேறு, ஆனாலும் மெல்லிய சங்கிலியில் அவையும் தடுமாறும். அதனால் கொலுசை நீட்டாமல் லாட வடிவில் வளைத்து வையுங்கள், படம் முழுக்க அதுவே நிறையட்டும். சலங்கையும் கொக்கியும் தெரிய ஒரு கிட்டப்படம் தனியாக எடுங்கள். அதை வெட்டவே வேண்டாம், அப்படியே பக்கத்தில் போடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். ஆப்பைவிட இதில்தான் நேரம் செலவிடச் சொல்வேன். வெள்ளி கண்ணாடி மாதிரி, சுற்றி இருப்பதையெல்லாம் காட்டும். சிவப்புச் சட்டை போட்டு எடுத்தால் கொலுசில் சிவப்பு ஏறும். மெரூன் வெல்வெட்டும் அப்படித்தான். வெள்ளைத் துணியில் வைத்தால் எங்கே கொலுசு முடிகிறது, எங்கே துணி தொடங்குகிறது என்று மாடலுக்குப் பிடிபடாது. பளபளப்பில்லாத கருஞ்சாம்பல் சார்ட் பேப்பர் வாங்குங்கள். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவித் துடைத்த கொலுசை அதன் மேல் வைத்து, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் காலை நேரத்தில் எடுங்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் வெளிச்சம் மெத்தென்று பரவும். ஒரு பக்கம் வெள்ளை அட்டை, எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் காகிதப் பட்டை நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு, வெள்ளியின் ஓரத்தில் கோடாக விழுந்து வடிவத்தை எடுத்துக் காட்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது.

அப்புறம், வெட்டிய படத்தில் அளவு தொலைந்துவிடும். குழந்தைக்கான ஆறு அங்குலமும் பெரியவர்களுக்கான பத்தரையும் பக்கத்தில் ஒரே அளவாக நிற்கும், வாங்குபவர் ஏமாந்துபோவார். பெரிய கொலுசு படத்தை நிறைக்கும் உயரத்தில் ஃபோனை ஸ்டாண்டில் மாட்டி, எல்லாக் கொலுசையும் அதே உயரத்திலிருந்து எடுங்கள். வேர்டில் ஒன்றை மட்டும் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். அங்குலமும் கிராமும் படத்துக்குக் கீழே எழுத்தில் கட்டாயம் இருக்கட்டும். கேமரா வழியே அளக்கும் ஆப்கள் கதவு, கட்டில் அளக்கச் சரி. கொலுசுக்கு ஸ்கேல்தான்.

காலில் போட்டுப் பார்ப்பது போல முப்பரிமாண மாடல் வேண்டும் என்று யாராவது ஆசை காட்டினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பல கோணப் படங்களில் ஒரே புள்ளியைத் தேடித்தான் அந்த மாடலைக் கட்டுகிறார்கள். கேமரா நகர்ந்தால் வெள்ளியின் மினுக்கும் நகர்கிறது, கணக்குத் தப்பிவிடும்.

வெட்டிய படத்தை, பின்னணி வெறுமையாக இருப்பதை அப்படியே காக்கும் பி.என்.ஜி. கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் படமாக அனுப்பி, பின்னணி கறுப்பாகிப் போய், முழுப் பக்கத்தையும் மறுபடி செய்தேன்.

கடைசியாக ஒன்று, இது டிசைனைப் பற்றியது. சில ஆப்கள் படத்தை எங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பி வெட்டித் தருகின்றன. ஒரே கடைக்காக மட்டும் அடித்த டிசைன் உங்களிடமும் இருக்கும். எந்த ஆப்பானாலும் முதலில் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டிப் பாருங்கள். அப்போதும் வெட்டினால் வேலை ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது. வெட்டவில்லையென்றால், கடையில் ஏற்கெனவே தொங்கும் டிசைன்களுக்கு மட்டும் அந்த ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள்.