பழைய கடையில் ஒரு கிராமத்துக் காட்சி ஓவியம் வாங்கினேன். யார் வரைந்தது, எவ்வளவு பெறும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரேம் மாற்ற ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் நாம் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

நாலு வருடத்துக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வாட்டர் கலர் ஓவியம் ஒன்று வாங்கினேன். கண்மாய்க்கரை, ரெண்டு பனை, நாற்று நடும் பெண்கள். கடைக்காரர் 4,500 சொன்னார், 2,800-க்குப் படிந்தது. மூலையில் ஆங்கிலத்தில் கே, சி என்று ரெண்டெழுத்து, மூன்றாவதைப் பூச்சி தின்றிருந்தது. போதாதா? கே.சி.எஸ். பணிக்கர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். 1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர், அதற்கு வெகுமுன்பே தென்னையும் நீருமாக வாட்டர் கலரில் வரைந்தவர். என் படத்தில் இருந்தது பனை என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

பின்னட்டை பூஞ்சை பிடித்திருந்ததால் அந்த வாரமே பிரேம் கடையில் கொடுத்தேன். புது அட்டை, தங்கக்கலர் பீடிங் எல்லாம் போட்டு ஜம்மென்று வந்தது. பழைய அட்டை எங்கே என்றால், "பென்சில்ல ஏதோ எழுதியிருந்துச்சு சார், ரெண்டாவது வருஷம்னு என்னமோ. அழுக்கா இருந்துச்சு, போட்டுட்டேன்" என்றார். அவரைத் திட்ட முடியாது, எல்லாத்தையும் புதுசாகப் போடச் சொன்னதே நான்தான். பிறகு ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவரிடம் காட்டியதும் ஒரே நிமிடத்தில், "ஸ்டூடன்ட் வேலை. நல்ல ஸ்டூடன்ட்" என்றார். ரெண்டாவது வருஷம் என்றால் என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பேரும் அந்த அட்டையில்தான் இருந்திருக்கும்.

உங்களுடையதைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வண்ணம் பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. கேன்வாஸ் என்றால் கவனம், அச்சின் மேலேயே ஜெல் தடவிப் பிரஷ் தடம் மாதிரி செய்கிறார்கள். தடம் ஒரு பக்கம் போகும், வண்ணம் இன்னொரு பக்கம் போகும். காகிதம் என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வாட்மேன் என்ற பழைய இங்கிலாந்துக் கம்பெனியின் சில தாள்களில், வெளிச்சத்தில் மட்டும் தெரியும் நீர்க்குறியோடு வருடமும் இருக்கும், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள், அதை யாரும் பிற்பாடு போடலாம். ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள்.

விலைக்கு வருவோம். ஓவியர் எம்.எஃப். ஹுசைனின் 'கிராம் யாத்ரா' 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அது 1954-ல் வரைந்தது, ஒரு டாக்டர் வாங்கி ஆஸ்லோ மருத்துவமனைக்குப் போனது என்று கைமாறிய கதை முழுக்கத் தெரியும். பேர் தெரியாத படத்துக்கு அழகுக்கும் அளவுக்கும்தான் காசு. கலைக்கு விலை பார்க்கலாமா என்று யாராவது கீழே கமென்ட்டில் வந்து கேட்பார்கள். பார்க்கலாம், இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டவர் காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறார்!

அப்புறம் ஒன்று, சம்பந்தமில்லைதான். எங்கள் பள்ளியில் ட்ராயிங் பீரியடைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்வார். ட்ராயிங் மாஸ்டர் வராண்டாவில் உட்கார்ந்து ஆண்டு விழாவுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருப்பார். அவர் வரைந்த படம் ஒன்றைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. என் படத்தை வரைந்த கே.சி.யும் எந்த ஊரில் போர்டு எழுதி ரிட்டயர் ஆனாரோ.

போன மாதம் அதே கடைக்காரரிடம் சும்மா கேட்டேன். 3,000 தருகிறேன் என்கிறார். பிரேமுக்கே எனக்கு 1,900 ஆனது.