ஜனாதிபதி நடுவில் விலகினால் நமக்கு வாக்கு உண்டா?

கிளிநொச்சியில் விவசாயம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2022இல் கோட்டாபய போனார், ரணில் வந்தார். நாங்கள் யாரும் வாக்குப் போடவில்லை. இனியும் ஒரு ஜனாதிபதி நடுவில் விலகினாலோ இறந்தாலோ தேர்தல் வருமா? முன்னவர் போட்ட வர்த்தமானி எல்லாம் செல்லாமல் போய்விடுமா?"

தேர்தல் வராது. இலங்கை அரசியலமைப்பின் 40ஆவது உறுப்புரைப்படி, பதவிக்காலம் முடியுமுன் ஜனாதிபதி பதவி வெற்றிடமானால், பாராளுமன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை ஒரு மாதத்துக்குள் தெரிவுசெய்ய வேண்டும். இரகசிய வாக்கெடுப்பு, செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். அதுவரை பிரதமர் பதில் ஜனாதிபதியாக இருப்பார். பிரதமரும் இல்லையென்றால் சபாநாயகர். தெரிவாகிறவருக்குப் புதிதாக ஐந்து ஆண்டு கிடைக்காது, முன்னவர் விட்டுப்போன மிச்சக் காலம் மட்டும்தான். 1993 மே 1 அன்று பிரேமதாச கொல்லப்பட்டபோதும் இப்படித்தான் டி. பி. விஜேதுங்க ஜனாதிபதியானார். அப்போது போட்டிக்கு யாரும் நிற்கவில்லை.

2022இல் நின்றார்கள். ஜூலை 13 அதிகாலை கோட்டாபய மாலைதீவுக்குப் போனார், பதவி விலகல் கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஜூலை 20 அன்று நடந்த வாக்கெடுப்பில் ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலஸை ஆதரிப்பதாக அறிவித்திருந்தது. தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் கஜேந்திரகுமார் பொன்னம்பலமும் செல்வராசா கஜேந்திரனும் வாக்களிக்கவில்லை.

அந்த 134ஐக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அந்தப் பாராளுமன்றத்தில் இருந்தது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். மிச்ச வாக்குகளில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? 2020இல் 145 ஆசனம் எடுத்த, கோட்டாபயவின் கட்சியான பொதுஜன பெரமுனவிலிருந்து. மக்கள் தெருவில் இறங்கி ஜனாதிபதியை விரட்டினார்கள், ஆனால் அவரைத் தாங்கி நின்ற பெரும்பான்மை சபையில் அப்படியே இருந்தது. அதுதான் அடுத்தவரையும் தெரிவுசெய்தது. ஆகவே திடீர் மாற்றம் வரும்போது, யார் வரப்போகிறார் என்பதை விட, சபையில் யார் கையில் எத்தனை பேர் என்று பார்ப்பதுதான் பயன்.

அதன் விளைவு உடனே தெரிந்தது. ரணில் பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 விடியுமுன், காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் மீது படையினர் பாய்ந்தார்கள். அதே நாளில் தினேஷ் குணவர்தன பிரதமரானார், அவரும் அந்தப் பெரும்பான்மைக்குள் இருந்தவர்தான். 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு நடக்காமலே போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சரி, எரிபொருள் வரிசை குறைந்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஒப்புதலும் வந்தது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது வேறு. 2023 பெப்ரவரியிலிருந்து பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் ரணிலிடம் இருந்தது. நாடே கோபித்துக்கொண்ட சபையை அவர் கலைக்கவில்லை. நீங்கள் வாக்குப் போட 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து வர்த்தமானி. ஆள் போனாலும் அது போகாது. சட்டங்களும், சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் பொதுவாக அவற்றை முறைப்படி நீக்கும்வரை நடைமுறையில் இருக்கும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரசாயன உரத்தடையையே எடுங்கள். 2021 மே மாதம் வந்தது, நவம்பரில் விலக்கினார்கள், இரண்டும் கோட்டாபய இருக்கும்போதே, ஆள் மாறியதால் அல்ல. மானியம் வேறு விஷயம். அது வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தையும் அமைச்சரவை முடிவையும் நம்பியிருப்பது, புதிய அமைச்சரவை வந்தால் மாறலாம். ஆகவே கையில் உள்ள அனுமதிப்பத்திரம், கமநல சேவை நிலையப் பதிவு, கடிதங்கள் எதையும் செல்லாது என்று நினைத்துத் தூக்கிப்போடாதீர்கள். வாயால் சொன்ன வாக்குறுதியை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பதவியோடு சேர்ந்து போவது ஒன்று உண்டு: 35ஆவது உறுப்புரை தரும் சட்ட விடுபாடு, அதாவது வழக்குகளிலிருந்து பாதுகாப்பு. பதவியில் இருக்கும்வரைதான் அந்தக் கவசம். பொருளாதார நெருக்கடிக்கு கோட்டாபயவும் அவருடைய சகோதரர்கள் மஹிந்தவும் பசிலும் மற்றும் சிலரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் எடுத்தது. இந்தச் சபை இருக்கும்போது ஜனாதிபதி பதவி வெற்றிடமானால், அடுத்தவரை அந்தக் கட்சி தனியாகவே தெரிவுசெய்துவிடலாம். பாராளுமன்றமே தீர்மானம் போட்டுக் கேட்டாலொழிய, முதல் இரண்டரை ஆண்டுக்கு, அதாவது 2027 மே வரை, எந்த ஜனாதிபதியும் இந்தச் சபையைக் கலைக்க முடியாது.