கோட்டர்ஸ் சாவியைக் கொடுத்த பிறகு எங்கே போவேன்?

கேள்வி: வயது 46. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா இருவரும் இல்லை. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஒபிசில் 24 வருசமாக கிளார்க் வேலை. சம்பளம் 70,000 ரூபா, இருப்பது தோட்டத்துக் கோட்டர்சில். இ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பிடிக்கிறார்கள். ஒரு நிதிக் கம்பனியில் 14 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. “உனக்குப் பிள்ளையா குட்டியா, யாருக்குச் சேர்க்கிற?” என்கிறார் அண்ணன். இ.பி.எப்.பில் 30 வீதத்தை எடுத்துத் தந்தால், தன் காணியில் கட்டும் வீட்டில் எனக்கும் ஒரு அறை தருவாராம். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, யாருக்குச் சேர்க்கிறீர்கள்? உங்களுக்குத்தான். பிள்ளைகள் உள்ளவர்களுக்கு வயதான காலத்தில் சும்மா கிடைக்கிற பல உதவிகளை நீங்கள் காசு கொடுத்துத்தான் பெற வேண்டிவரும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசு வாங்கமாட்டார்கள். ஆனால் அங்கே போய்வர ஆட்டோ வேண்டும், வார்ட்டில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும், முழங்கால் விட்டுப்போனால் கடைக்குப் போய்வரவும் ஒருவர் வேண்டும். தனி ஆளுக்குச் செலவு குறைவு என்பது உடம்பில் தெம்பு இருக்கும் வரைக்கும்தான்.

உங்களுக்கு முதல் பிரச்சினை வீடு. ஓய்வுபெறும் நாளில் சம்பளமும் கூரையும் ஒன்றாகப் போகும். இ.பி.எப்.பில் 30 வீதம் முன்கூட்டி எடுக்கலாம் என்பது உண்மைதான், வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அண்ணன் காணியில் போட்ட காசுக்கு உங்களிடம் என்ன உறுதி இருக்கும்? அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தக் காணி அவர் பிள்ளைகள் கைக்குப் போகும். உங்கள் பெயரில் ஒரு துண்டாவது நொத்தாரிசு முன் எழுதிப் பதிந்த பிறகு பேசுங்கள். எழுதித்தர மனமில்லை என்றால் அந்தக் காசைத் தொடவே வேண்டாம். டவுனுக்குப் பக்கத்தில், பஸ் பாதையை ஒட்டி, அதிகம் படி ஏறத் தேவையில்லாத சிறு இடம் தேடுங்கள். கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் அத்திவாரம் வெட்டாதீர்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. பெண்கள் 50 வயதில் வேலையை விட்டு இ.பி.எப். எடுக்கலாம் என்பதால் பலர் அவசரப்படுகிறார்கள். நீங்கள் 60 வரை இருங்கள். உங்கள் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சேர்ந்து இப்போதே மாதம் 14,000 ரூபா வரவாகிறது. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் தனி. வேலையை விடும்போது தோட்டம் தரும் சேவைக்காலப் பணமும் வருசத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கூடும்: இன்றைய சம்பளத்திலேயே 38 வருசத்துக்கு 13 இலட்சத்து 30 ஆயிரம்.

நிலையான வைப்பைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. ஒரு நிறுவனம் விழுந்தால் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் தரும். உங்கள் 14 இலட்சமும் ஒரே இடத்தில். முதிர்ந்ததும் பாதியை ஓர் அரச வங்கிக்கு மாற்றுங்கள். வட்டி முழுவதையும் செலவழிக்கவும் வேண்டாம். 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம் வரை போனது. அரிசி, பருப்பு வாங்கிய எல்லோருக்கும் அது நினைவிருக்கும். ஓய்வுக்குப் பிறகும் வட்டியில் ஒரு பங்கை முதலோடு சேர்த்துக்கொண்டே வந்தால்தான் 80 வயதிலும் அந்தக் காசுக்குப் பெறுமதி இருக்கும்.

இன்னொன்று, இதை இந்த மாதமே செய்யுங்கள். 24 வருசத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது இ.பி.எப். படிவத்தில் யாரைப் பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுபவராக, எழுதினீர்கள்? அம்மாவையா? அப்படியென்றால் அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. ஒபிசில் புதிய படிவம் கேட்டு, நீங்கள் நம்பும் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்குகளுக்கும் அப்படியே.